டீசல் பிக்கப்பில் கூடுதல் கேஜ்கள்: சிவப்பு விளக்கு எந்த எண்ணில் எரிய வேண்டும்?

டென்வரில் இருந்துகொண்டு ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு ஐ-70 நெடுஞ்சாலையின் ஏற்றம் தப்பாது. ஊரே 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போய் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தொடும்போது 11,000 அடி தாண்டிவிடும். திரும்பி வரும்போது சில்வர்தோர்னிலிருந்து அதே சுரங்கத்துக்கு ஏறுவது இன்னும் செங்குத்து, 7 சதவீதச் சரிவு. டீசல் பிக்கப்பில் கூடுதல் கேஜ் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இந்த ஏற்றத்தில் ஒரு தடவை ஏறினால் முடிந்துபோகும்.

என் வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் 24 வால்வு கம்மின்ஸ், 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இழுப்பது சுமார் 7,000 பவுண்டு ட்ரெய்லர். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, வோல்டேஜ் எல்லாம் முள்ளாகவே இருக்கின்றன. ஆனால் சுமை இழுக்கும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உண்மையில் காவு வாங்கக்கூடிய நான்கு விஷயங்களுக்கு முள் இல்லை: எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பம், டர்போவின் பூஸ்ட் (எஞ்சினுக்குள் அது திணிக்கும் காற்றின் அழுத்தம்), டீசல் பிரஷர், கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு. இந்த நான்குக்கும் வெளியில் கேஜ் வாங்கி, முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் பொருத்திச் சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு கேஜிலும் ஒரு சின்ன சிவப்பு எல்இடி. அது எந்த எண்ணில் எரிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பகிர்வு அந்த எல்லைகளைப் பற்றித்தான். கேஜ் எந்தக் கம்பெனி என்பது இதற்கு முக்கியமில்லை. இப்போது வரும் நல்ல கேஜ்கள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

வைக்கும் முறை எளிது. என்னுடையதில் பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முள் தானாக ஓடிப்போய், இப்போதுள்ள எல்லையைக் காட்டி நிற்கும். அப்புறம் விட்டுவிட்டு அழுத்த, முள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். வேண்டிய இடத்தில் விட்டுவிட்டால் பதிந்துவிடும். தூணில் திருகி மாட்டிய பிறகு பின்பக்கம் கை போகாது என்பதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாட் (கேஜ்களைத் தாங்கும் கூடு) முழுவதையும் கழற்ற வேண்டும். அதனால் கடைசித் திருகை முடுக்காமலே சில மாதம் ஓட்டிவிட்டு, எண்கள் நிலைத்த பிறகு முடுக்குங்கள்.

சரி, எந்த எண்? யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் சொல்வார்கள்: எக்ஸாஸ்ட் 1,250 டிகிரி பாரன்ஹீட், கியர்பாக்ஸ் 250, டீசல் பிரஷர் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). இவை தவறில்லை. ஆனால் இவை எஞ்சினுக்கான கடைசிக் கோடுகள். விளக்கை அதே கோட்டில் வைத்தால், எரியும்போது நமக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. ரொம்பக் கீழே வைத்தாலும் பிரச்சினைதான். எப்போதும் எரிகிற விளக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் பார்ப்பது வேறு கணக்கு: அந்த முள் எவ்வளவு வேகமாக ஏறும், விளக்கைப் பார்த்து நான் ஏதாவது செய்தால் எவ்வளவு நேரத்தில் இறங்கும். நான்கு கேஜுக்கும் இதற்கு நான்கு விதமான பதில்.

எக்ஸாஸ்ட் வெப்பம் நொடிக்கணக்கில் ஏறி இறங்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் உருகுவது சுமார் 1,220 டிகிரியில் (660 செல்சியஸ்). இதை வைத்துப் பலர் பயமுறுத்துவார்கள். வாயுவின் சூடும் பிஸ்டனின் சூடும் ஒன்றல்ல. அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கிறது, வெடிப்பும் விட்டுவிட்டுத்தான் நடக்கிறது. ஓவர்டேக் செய்யும்போது சில நொடி 1,300 தொட்டால் ஒன்றும் ஆகாது. அதே 1,300 ஏற்றம் முழுக்க நின்றால்தான் சேதம். ஆக இங்கே எண்ணோடு நேரமும் சேர்ந்துதான் கணக்கு.

சமவெளியில், கேன்சாஸ் பக்கம், இதே ட்ரெய்லரோடு 900-லிருந்து 1,000 டிகிரிக்குள் ஓடும். ஜார்ஜ்டவுன் தாண்டிச் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது 1,150 சாதாரணம். காற்று மெலிந்திருப்பதுதான் காரணம். கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ இருக்கும் காற்றழுத்தம் அந்த உயரத்தில் 10-க்கும் கொஞ்சம் கீழே போய்விடுகிறது. டீசல் அதே அளவு போகிறது, காற்று குறைகிறது, வெப்பம் ஏறுகிறது. விளக்கை 1,100-இல் வைத்தால் மலை முழுக்கச் சிவப்பு. 1,250-இல் வைத்தால் காலைத் தூக்குவதற்குள் 1,300. 1,200-இல் வைத்ததுதான் சரியாக அமைந்தது. எரிந்ததும் ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம் ஏற்றினால், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால், பத்து நொடிக்குள் அணைந்துவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் வேகம் குறைகிறதே என்று இன்னும் மிதிப்பார்கள். அங்கேதான் விளக்கு வேலை செய்கிறது. போன கோடையில் என் மைத்துனன் ஓட்டிக்கொண்டிருந்தான். "என்ன மாமா, என்னமோ சிவப்பா எரியுது?" என்றான். "காலை எடு, கியரைக் குறை" என்றேன். அவ்வளவுதான், பதில் சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது.

அடுத்தவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்கும் முன் அவருடைய உணர்கம்பி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். என்னுடையது டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு வைத்தது. துளையிடப் பயந்து டர்போவுக்குப் பின்னால் குழாயில் வைப்பவர்களும் உண்டு. நல்ல சுமையில் இரண்டுக்கும் 200-300 டிகிரி வித்தியாசம் வரும், அதுவும் ஒரே அளவாக வராது. பின்னால் வைத்துக்கொண்டு 1,200-இல் விளக்கு வைத்தால் அது எரியும் நாளில் பிஸ்டன் ஏற்கெனவே போயிருக்கும்.

டீசல் பிரஷர் இதற்கு நேர் எதிர். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். என் வண்டியின் வகையில், அதாவது 1998-இன் பிற்பகுதி முதல் 2002 வரை வந்த ராம்களில், இன்ஜெக்‌ஷன் பம்ப் பாஷ் விபி44. அதற்கு மசகும் குளிர்ச்சியும் உள்ளே ஓடும் டீசல்தான். மேலே உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானிக்ஸையும் அந்த டீசல்தான் குளிர்விக்கிறது. லிஃப்ட் பம்ப் (டாங்கிலிருந்து டீசலை விபி44-க்குத் தள்ளும் பம்ப்) களைத்துப்போய்ப் பிரஷர் குறைந்தால் வண்டி எதுவும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், விபி44 மட்டும் உள்ளே தேயும். மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆகவே நான்கில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இந்த வண்டிக்கு இந்தக் கேஜைத்தான் சொல்வேன். எக்ஸாஸ்ட் கேஜ் இரண்டாவதுதான்.

இதன் விளக்கு கீழ் எல்லைக்கு: எண் குறைந்தால் எரிய வேண்டும். இதற்கு 5 பிஎஸ்ஐ என்பது சாவு மணி. என் லிஃப்ட் பம்ப் மாற்று பம்ப். ஐடிலில் 15, முழு மிதியில் 13 காட்டுகிறது. விளக்கு 10-இல். நல்ல நாளில் எரியவே எரியாது. ஃபில்டர் அழுக்கடைய அடைய முழு மிதியில் 12, 11 என்று இறங்கி, ஏற்றத்தின் உச்சியில் ஒரு கணம் மினுக்கும். அந்த மினுக்கல் வந்தால் ஃபில்டரை மாற்றுகிறேன், மைல் கணக்கு பார்ப்பதில்லை. மாற்றியும் 15 திரும்ப வரவில்லை என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் இன்னொரு உபயோகம். கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கத் தொடங்கினால் வண்டி இடறும் முன்பே விளக்கு எரிந்துவிடும். ஒரு பனிக்காலையில் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே எரிந்தது. பக்கத்து பங்கில் ஒதுங்கி, ஜெல் கரைக்கும் திரவத்தை ஊற்றிக் காத்திருந்து கிளம்பினேன். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருப்பேன்.

சாவியைத் திருப்பியதும் பிரஷர் ஏறும் வரை இந்த விளக்கு எரியும். குறை என்று நினைக்காதீர்கள், விளக்கு உயிரோடு இருக்கிறது என்பதற்குத் தினசரி சான்று அது. மற்ற மூன்றுக்கும் அந்தச் சான்று கிடைப்பதில்லை. அவற்றுக்கு எல்லையை வேண்டுமென்றே கீழே இறக்கி எரியவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும்.

பொருத்துவதில் ஒன்று. சென்சரை நேராக விபி44-இன் வாயில் திருகாதீர்கள். பம்பின் துடிப்பு ஒவ்வொரு அடியும் சென்சரின் உள்ளே விழும். முள் நடுங்கும், விளக்கு காரணமில்லாமல் மினுக்கும், கொஞ்ச நாளில் சென்சரே போய்விடும். கிரீஸ் கன்னில் வரும் குட்டையான ஹோஸைப் போட்டு, நடுவில் ஒரு நீடில் வால்வு வைத்து, சென்சரைத் தனியாக பாடியில் கட்டுங்கள். வால்வை முழுக்க மூடிவிட்டு, முள் நகரத் தொடங்கும் வரை மட்டும் திறந்தால் போதும். நடுக்கம் நின்றுவிடும். ஃபில்டருக்குப் பிறகு எடுப்பதும் அவசியம், விபி44-க்குக் கிடைப்பது அந்தப் பிரஷர்தான்.

கியர்பாக்ஸ் சூடு இரண்டுக்கும் நடுவில், நிமிடக்கணக்கு. இங்கேயும் சென்சர் இருக்கும் இடம்தான் எண்ணைத் தீர்மானிக்கிறது. கூலருக்குப் போகும் சூடான குழாயில் வைத்தால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக் ஆகாமல் ஏறும் ஒவ்வொரு தடவையும் 230, 240 என்று துள்ளும், லாக் ஆனதும் இறங்கும். அங்கே விளக்கு 250. என்னுடையது பானில், அதாவது அடித்தட்டில் இருக்கிறது. அங்கே சூடு சாம்பாரைப் போல மெதுவாக ஏறி மெதுவாகத்தான் ஆறும். சுமையோடு 160-180 ஓடுகிறது. 175-க்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது கியர்பாக்ஸ் மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு. பானில் 250 வரை காத்திருந்தால் எண்ணெய் கருகியே போயிருக்கும். 200-இல் வைத்திருக்கிறேன்.

எரிந்தால் ஓவர்டிரைவை (மேல் கியரை) அணைத்து, கியரைக் குறைத்து, கன்வெர்ட்டர் லாக் ஆகும் வேகத்துக்கு வர வேண்டும். அப்படியும் ஏறினால் ஓரம் கட்ட வேண்டும். ஆனால் பார்க்கில் போடக் கூடாது. 47ஆர்இ மாற்றம் செய்யாத நிலையில் பார்க்கில் கூலருக்கு எண்ணெய் அனுப்பாது. கை பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் தூக்கி வைத்தால்தான் ஆறும். இது தெரியாமல் பார்க்கில் நிறுத்திவிட்டு, முள் அசையவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பூஸ்ட் விளக்கு அழகுக்கு. அதிக பூஸ்ட் என்பது சிப் போட்டு முறுக்கிய வண்டிகளின் கவலை; கம்பெனி டியூனில் ஓடும் எஞ்சினில் அது வர வழியில்லை. நமக்கு வரக்கூடியது ரப்பர் ஹோஸ் கழன்று பூஸ்ட் குறைவது. விளக்கோ மேல் எல்லைக்கு மட்டும் எரிகிறது. அதை 35-இல் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். முள்ளை மட்டும் பார்க்கிறேன்.

இரவில் இந்த எல்இடிக்கள் கண்ணைக் குத்தும். டயல் வெளிச்சம் ஹெட்லைட் வயரோடு மங்குகிறது, எச்சரிக்கை விளக்கு மங்குவதில்லை. மங்கக் கூடாது என்பது சரிதான், ஆனாலும் முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வண்டி வருவதுபோலத் தெரிகிறது. பாடைச் சற்று என் பக்கம் திருப்பியதும் தீர்ந்தது.

எஞ்சினை அணைப்பதற்கும் ஒரு விளக்கு இருந்தால் நன்றாக இருக்கும். ஏற்றம் முடித்து நிறுத்தும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் 350-க்குக் கீழே வந்த பிறகு அணைத்தால் டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாது. நான் அந்தக் கேஜைத் தினமும் பார்ப்பது இதற்காகத்தான், ஆனால் அதில் கீழ் எல்லையே கிடையாது.

ஏற்கெனவே கேஜ் மாட்டிய பழைய டீசல் பிக்கப் வாங்குகிறீர்கள் என்றால், ஓட்டிப் பார்க்கும் முன் ஒவ்வொரு கேஜின் எல்லையும் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் 1,400-இலும் டீசல் 3-இலும் இருந்தால், விளக்கு தொந்தரவு செய்கிறது என்று யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள். பேரத்தில் ஒரு விபி44-இன் விலையையாவது குறைத்துக் கேளுங்கள்.