ஸ்கைஸ்பார்க்: டர்பன் மருத்துவமனைகளின் மின்கட்டணத்தைக் குறைக்க உதவுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பெரிய மருத்துவமனையின் மின்சாரம் பெரும்பாலும் எங்கே போகிறது? காற்றைக் குளிர்வித்து, அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்து, மறுபடி சூடாக்கி அறைக்கு அனுப்பும் வேலைக்கு. அந்த வேலை நிமிடத்துக்கு நிமிடம் எப்படி நடக்கிறது என்ற பதிவு கட்டடத்தின் குளிர்சாதனங்களைக் கட்டுப்படுத்தும் பி.எம்.எஸ். கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அலாரம் அடித்தால் மட்டும்தான் யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள். ஸ்கைஸ்பார்க் அந்தப் பதிவை உட்கார்ந்து படிக்கும் மென்பொருள்.

அமெரிக்காவின் ஸ்கைஃபவுண்ட்ரி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. இது பி.எம்.எஸ்.-க்கு மாற்று அல்ல, அதன் மேல் அமர்வது. கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பேக்நெட், மோட்பஸ் நெறிமுறைகள் வழியாகவோ டேட்டாபேஸ், சி.எஸ்.வி. கோப்பு வழியாகவோ தரவை எடுத்துக்கொள்ளும். நாம் எழுதிவைத்த விதிகளை அதன்மீது ஓட்டி, எந்த இயந்திரம் எந்த நேரத்தில் விதியை மீறியது என்பதை நேரக்கோட்டின் மேல் வண்ணப் பட்டையாகக் காட்டும். இதற்கு ‘ஸ்பார்க்’ என்று பெயர். விற்பனை ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் மூலம் நடக்கிறது. ஆகவே நீங்கள் பாதி வாங்குவது மென்பொருளை, மீதிப் பாதி அதை அமைத்துத் தரும் பொறியாளரின் திறமையை. தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடத்துக்கு அனுப்பும் மத்திய சில்லர் பிளான்ட்டும் ஓரளவு நல்ல பி.எம்.எஸ்.-உம் உள்ள மருத்துவமனைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்போம். ஒரு நிபந்தனை: வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

இதன் முழு மதிப்பும் தெரிவது மறுசூடாக்கலில்தான். அறுவை அரங்குக்கு, அதாவது தியேட்டருக்கு, போகும் காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்து ஈரத்தை எடுத்துவிட்டு, 18 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்புகிறோம் என்று வையுங்கள். விநாடிக்கு ஒரு கன மீட்டர் காற்றை 6 டிகிரி சூடாக்க 7.2 கிலோவாட் வேண்டும். இங்கே பல கட்டடங்களில் அந்த வேலையைச் செய்வது டக்டுக்குள் இருக்கும் மின்சார எலிமென்ட். ஜனவரி மாத வெளிக்காற்றை, 28 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில், அதே 12 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 43 கிலோவாட் குளிர்ச்சி வேண்டும். சில்லரின் சி.ஓ.பி. (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது தரும் குளிர்ச்சி) 5 என்றால் அதற்கு ஆகும் மின்சாரம் எட்டரை கிலோவாட்தான். அதாவது, யாரும் கவனிக்காத அந்த எலிமென்ட், எல்லோரும் குறைசொல்லும் சில்லருக்குக் கிட்டத்தட்ட சமமாக மின்சாரம் தின்கிறது.

கோடையில் இதைத் தவிர்க்க முடியாது, ஈரத்தை எடுத்தே தீரவேண்டும். வீண்செலவு குளிர்காலத்தில் நடக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பன் காற்று வறண்டிருக்கும்போதும் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான ‘காயில்’ 12 டிகிரியிலேயே நிற்கிறது, எலிமென்டும் எரிகிறது. நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காமின் உச்சப் பருவக் கட்டணம் வருவதும் சரியாக அதே மூன்று மாதங்களில். காயிலுக்குப் பின் காற்று 15 டிகிரியாக இருந்தால் போதும் என்று மாற்றினால் எலிமென்டின் வேலை பாதியாகும். விநாடிக்கு 2 கன மீட்டர் அனுப்பும் ஏ.எச்.யூ. (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் இயந்திரம்) பத்து இருந்தால் 144 கிலோவாட் 72 ஆகிறது. 92 நாள், இரவு பகலாக, சுமார் 1,59,000 யூனிட். சில்லரில் மிச்சமாவது தனி. இதற்கு வாங்க வேண்டிய பாகம் எதுவும் இல்லை. கன்ட்ரோலரில் இலக்கு வெப்பநிலையை மாற்றும் ஒரு ரீசெட் வரி எழுதினால் போதும்.

விதி எழுதும்போது கவனம் தேவை. குளிர்வால்வும் எலிமென்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் பழுது என்று சொல்லும் பொது விதி எல்லா விதித் தொகுப்பிலும் வரும். அதை அப்படியே டர்பனில் ஓடவிட்டால் நவம்பர் முதல் மார்ச் வரை தியேட்டர்கள் எல்லாம் சிவப்பாகத் தெரியும், பணியாளர்கள் இரண்டாம் வாரமே திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். விதிக்குள், அறையிலிருந்து திரும்பு காற்றின் பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சேர்க்க வேண்டும். 20 டிகிரி, 60 சதவீத அறைக்குப் பனிநிலை 12 டிகிரி. திரும்பு காற்றின் பனிநிலை 10-க்குக் கீழே இருந்தும் வால்வு, எலிமென்ட் இரண்டும் 10 சதவீதத்துக்கு மேல் அரைமணி நேரம் தொடர்ந்து திறந்திருந்தால் மட்டுமே அது பழுது. ஸ்கைஸ்பார்க்கின் ஆக்சான் மொழியில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். இந்த வளைந்துகொடுக்கும் தன்மைதான் அதன் பெரிய பலம்.

அந்த விதி நம்பியிருப்பது ஈரப்பத சென்சாரை. டர்பன் கடற்கரையின் ஆடிங்டன் பக்கம்போல் கடலை ஒட்டிய கட்டடங்களில் உப்புக்காற்று பட்டு அவை சீக்கிரம் விலகும். 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும் ஒரு சென்சார் போதும், ஆண்டு முழுக்கத் தேவையில்லாமல் ஈரம் பிழியவைக்க. சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். மூடியுள்ள ஜாடியில் சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் குழைத்துக் கூழாக வைத்து, சென்சாரை கூழில் படாமல் உள்ளே தொங்கவிட்டு மூடுங்கள். சில மணி நேரம் கழித்து 25 டிகிரியில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாற்றிவிடுங்கள். மென்பொருளில் திருத்தம் போட்டு ஒப்பேற்றுவது இரண்டாம் பட்சம்தான்.

அடுத்த பெரிய இடம், ஆளில்லாத தியேட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் மாலை 6 வரை இயங்கும் தியேட்டர் வாரத்தின் 168 மணியில் 108 மணி காலியாகக் கிடக்கிறது. அந்த 108 மணியும் மணிக்கு 20 காற்றுமாற்றம் ஓடுகிறது. மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான ஆஷ்ரே 170 தரநிலை, அழுத்த உறவு மாறாமல் இருக்கும்வரை காலி நேரத்தில் காற்றைக் குறைக்க அனுமதிக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஃபேன் எடுக்கும் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு. நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனாலும் பெரிய குறைவுதான்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் அவையேதான். சப்ளை ஃபேனை மட்டும் குறைத்து, எக்ஸாஸ்டை விட்டுவிடுவார்கள். அழுத்தம் தலைகீழாகி வராந்தா காற்று தியேட்டருக்குள் வரும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். கதவுக்கு இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் 2.5 பாஸ்கலுக்குக் கீழே போனால் ஃபேன் தானாகவே வேகம் எடுக்க வேண்டும். சிலர் முழுவதுமாக நிறுத்திவிடுகிறார்கள். டர்பனில் அதைச் செய்யவே கூடாது. ஈரக்காற்று புகுந்து, ஃபில்டர் நனைந்து, பூஞ்சை பிடிக்கும். வெப்பநிலையை 24, 25 வரை விடலாம், ஈரப்பதத்தை 60-க்கு மேல் விடக்கூடாது. ஸ்க்ரப் பகுதியில் ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும். அழுத்தினால் உடனே முழுக் காற்று, இரண்டு மணி கழித்து ஆளில்லாவிட்டால் தானாகவே குறைய வேண்டும். அவசர அறுவைக்கான தியேட்டர் ஒன்றை இதிலிருந்து முழுக்க விலக்கிவிடுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை திட்டமிட்ட அறுவைகள் குறையும் காலத்துக்குத் தனி அட்டவணை போடுவது நல்லது. தியேட்டர் பட்டியலை ஸ்கைஸ்பார்க்குக்குக் கொடுக்கும்போது தொடக்க, முடிவு நேரம் மட்டும் போகட்டும். நோயாளி பெயர் போனால் அது தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப் பிரச்சினை.

டி.பி. தனியறைகளில் மிச்சம் பிடிக்கும் பேச்சே கூடாது. டர்பன் இருக்கும் க்வாசூலு-நடால் மாகாணத்தில் காசநோயின் அளவு தெரிந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். அந்த அறைகளுக்கு ஸ்கைஸ்பார்க்கில் ஒரே விதிதான்: எதிர்மறை அழுத்தம் குலைந்தால் உடனே சொல்.

செலவே இல்லாமல் திருத்தக்கூடியவை மறந்துபோன ஓவர்ரைடுகள், அதாவது கையால் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்காத கட்டளைகள். பேக்நெட்டில் கட்டளைகளுக்கு 16 படிநிலைகள் உண்டு, எண் சிறியதானால் அதிகாரம் பெரியது. இரவில் வார்டிலிருந்து புகார் வருகிறது, ஆபரேட்டர் 8-ஆம் படியில் வால்வை 100 சதவீதம் திறந்துவிடுகிறார். கால அட்டவணை இருப்பதோ 16-ஆம் படியில். அது சரியாக ஓடுவதாகத் திரை காட்டும், வால்வு கேட்காது. 24 மணி நேரத்துக்கு மேல் 8-இல் நிற்கும் பாயிண்டுகளை (பாயிண்ட் என்பது ஒரு சென்சாரின் அல்லது கட்டளையின் தரவு) வாரந்தோறும் பட்டியலிடச் சொல்லுங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஸ்.டி. பெட்டியின் கைச்சுவிட்சை யாராவது ‘ஹேண்ட்’டில் வைத்துவிட்டால் பி.எம்.எஸ்.-க்கு அது தெரியாது. கட்டளை 60 சதவீதம், ஓட்டம் 50 ஹெர்ட்ஸ் என்று வந்தால் அதுதான் காரணம்.

சில்லர் பக்கம் சுருக்கமாக: 6-இல் போய் 12-இல் திரும்ப வேண்டிய தண்ணீர் 9-இல் திரும்பினால், அதே குளிர்ச்சிக்கு இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ளுகிறீர்கள். மும்முனை வால்வு, அழுக்கடைந்த காயில், மூடியும் கசியும் வால்வு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். எந்த ஏ.எச்.யூ. என்று ஸ்கைஸ்பார்க் காட்டிக்கொடுக்கும். குளிர்கால இரவுகளில் வெளிக்காற்றையே குளிர்ச்சிக்குப் பயன்படுத்துவது உள்நாட்டில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டர்பனைவிட நன்றாகப் பலன் தரும்.

கட்டணப் பகுதி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. பருவம், உச்ச நேரம், சாதாரண நேரம், மலிவு நேரம் என எல்லாவற்றையும் ஏற்றலாம், ஒவ்வொரு பழுதின் செலவையும் தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்டில் பார்க்கலாம். ஆனால் அட்டவணையைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு. எஸ்காம் கட்டணம் ஏப்ரல் 1-இல் மாறும், நகராட்சிக் கட்டணம் ஜூலை 1-இல். 2025-இல் எஸ்காம் காலை உச்ச நேரத்தை மூன்று மணியிலிருந்து இரண்டாகவும், மாலையை இரண்டிலிருந்து மூன்றாகவும் மாற்றியது. பழைய அட்டவணையோடு ஓடும் அறிக்கை தவறான நேரத்தில் சுமையைக் குறைக்கச் சொல்லும். பொது விடுமுறைகளையும் ஏற்ற மறக்காதீர்கள். சுடுதண்ணீர் எலிமென்டை மாலை உச்ச நேரத்தில் நிறுத்தி, இரவு 10 முதல் காலை 6 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் தொட்டியின் 60 டிகிரியைக் குறைக்கக் கூடாது, லெஜியோனெல்லா பெருகும்.

பில்லில் வரும் உச்சத் தேவையான கே.வி.ஏ. அரைமணி சராசரியாக அளக்கப்படுகிறது. மோட்டார் தொடங்கும் சில விநாடி மின்னோட்டத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. மின்தடை முடிந்ததும் எல்லா ஏ.எச்.யூ.-வும் ஒன்றாகத் தொடங்கி, எல்லா வால்வும் முழுதாகத் திறந்து, சூடேறிய கட்டடத்தை இரண்டு சில்லரும் ஒரு மணி நேரம் இழுப்பதுதான் உச்சத்தை உண்டாக்குகிறது. தியேட்டர், ஐ.சி.யூ. முதலில், வார்டுகள் பிறகு, அலுவலகங்கள் அரைமணிக்கு மேல் கழித்து என்று வரிசை போடுங்கள். பவர் ஃபேக்டரையும் (கே.வி.ஏ.-வில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு) பதிவு செய்யுங்கள். 1000 கிலோவாட் சுமை 0.97-இல் 1031 கே.வி.ஏ., 0.85-இல் 1176. பவர் ஃபேக்டரைத் திருத்தும் கெபாசிட்டர் தொகுப்பின் ஒரு படி எரிந்தால் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

அமைக்கும் வேலையில்தான் பணமும் நேரமும் கரையும். ஒவ்வொரு பாயிண்டும் எது என்று சொல்லும் டேக்கை ‘ஹேஸ்டாக்’ என்ற பெயரிடும் முறையில் போட வேண்டும். பழைய பி.எம்.எஸ்.-களில் பாயிண்ட் பெயரைப் பார்த்து அது சப்ளையா ரிட்டர்னா என்று சொல்லவே முடியாது. பத்தில் ஒன்றையாவது கூரைக்குப் போய் சென்சாரைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கன்ட்ரோலர்களை இணைக்கும் எம்.எஸ்.டி.பி. கம்பியில் நிறைய கன்ட்ரோலர் இருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தரவு கேட்பது கம்பியையே அடைத்துவிடும், ஐந்து நிமிடம் போதும். நேர மண்டலம் ‘ஜோஹன்னஸ்பர்க்’ என்று இருக்கட்டும், கன்ட்ரோலர் கடிகாரங்கள் ஒன்றுபோல் ஓடட்டும். துணை மீட்டர்களின் கூட்டுத்தொகை பிரதான மீட்டரோடு 5 சதவீதத்துக்குள் ஒத்துவராவிட்டால் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி.-யின் விகிதம் தவறு, அல்லது சி.டி. தலைகீழ். பேக்நெட்டின் 47808 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம்.

உரிமக் கட்டணம் பாயிண்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் இழுத்துப்போடும் பொறியாளர் உங்கள் காசைக் கரைக்கிறார். ஒரு ஏ.எச்.யூ.-வுக்கு 12 முதல் 15 பாயிண்ட் தாராளம். ஆக்சான் தெரிந்தவர் அமைப்பு நிறுவனத்தில் ஒரே ஒருவர்தான் என்றால் அவர் விலகும் நாளில் விதிகள் அனாதையாகும். ஆகவே விதிகளும் டேக்குகளும் மருத்துவமனைக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள். சேமிப்பை, ஆற்றல் சேமிப்பை அளப்பதற்கான தென்னாப்பிரிக்கத் தரநிலையான எஸ்.ஏ.என்.எஸ். 50010 முறைப்படி, 12 மாத அடிப்படையோடு ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பி.எம்.எஸ். இல்லாமல் ஸ்பிளிட் ஏ.சி.-யில் ஓடும் சிறு கிளினிக்குகளுக்கு இது வேண்டாம். டைம் சுவிட்சும் மீட்டரின் அரைமணித் தரவும் போதும்.

முதல் வாரம் ஸ்பார்க்குகள் வந்து குவியும். ரேண்ட் மதிப்பில் வரிசைப்படுத்தி மேலிருந்து பத்தை மட்டும் எடுங்கள். சோதனை ஒப்பந்தத்தை மே மாதம் தொடங்குங்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மறுசூடாக்கல் முழுதாகப் பிடிபடும். ஈரப்பத விதிகளை பிப்ரவரியில்தான் சோதிக்க முடியும் என்பதால் பத்து மாதத்துக்குக் குறைவாகப் போடாதீர்கள்.