நாவலை எங்கே ஏற்றுவது: ஓட்டுத் தளமா, தொடர்கதைத் தளமா, விமர்சனத் தளமா?

எழுதி முடித்த நாவலை நாலு பேர் கண்ணில் படவைக்க இணையத்தில் மூன்று வகை இடங்கள் உண்டு. மூன்றிலும் அலுப்பு நிச்சயம். ஆனால் யாரால் அலுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஓட்டு வகைக்குப் பேர்போனது ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2008-இல் தொடங்கிய ஆத்தானமி தளம். மாதாமாதம் முதல் ஐந்து இடம் பிடிப்பவற்றை அந்நிறுவன எடிட்டர்கள் வாசிப்பார்கள் என்பதுதான் அன்றைய தூண்டில். அந்த இடத்துக்கு வர, மற்ற உறுப்பினர்கள் உங்கள் நாவலைத் தளத்தில் உள்ள தங்கள் அலமாரியில் வைக்க வேண்டும்; அதுதான் ஓட்டு. அவர்களும் எழுத்தாளர்கள், அவர்களுக்கும் வேண்டியது அதே ஐந்து இடம். அப்புறம் என்ன, கொடுக்கல் வாங்கல்தான். “தொடக்கமே பிரமாதம், நடை அருமை, நேரமிருந்தால் என் நாவலையும் பாருங்கள்” என்று கமென்ட் வரும். அதில் கடைசி வரிக்காகத்தான் மற்றதெல்லாம். எந்த நாவலின் கீழும் அதை அப்படியே ஒட்டலாம். 2015-இல் கடையை மூடிவிட்டார்கள். அமேசானின் கிண்டில் ஸ்கவுட்டும் (2014–2018) 30 நாள் ஓட்டுச் சேகரிக்க வைத்தது. தேர்வானால் 1,500 டாலர் முன்பணம். ஆனால் கடைசி முடிவு அமேசான் கையில். ஊரையெல்லாம் கெஞ்சி ஓட்டு வாங்கியவருக்கும் உத்தரவாதம் கிடையாது.

வாட்பேட், ராயல் ரோட் போன்ற தொடர்கதைத் தளங்களில் எழுதாமல் வாசிக்க மட்டுமே வருபவர்கள் ஏராளம். பெரிய வித்தியாசம் இது. சிக்கல், அவர்கள் ருசி முன்பே தீர்மானமானது: முன்னதில் காதல், பின்னதில் மாயாஜாலச் சாகசம். குடும்ப நாவலோடு ராயல் ரோட் பக்கம் போனால் ஈ ஓட்ட வேண்டியதுதான். முழு நாவலையும் ஒரே நாளில் ஏற்றினாலும் காணாமல் போகும். துண்டு போட்டு, நாள் தவறாமல் வெளியிட வேண்டும். முதல் அத்தியாயத்தின் வாசிப்பு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், ஐந்தாவதைப் பாருங்கள். இன்னொன்று: பொதுவெளியில் முழுதாக வந்ததை ‘ஏற்கெனவே வெளியானது’ என்று ஒதுக்கும் பதிப்பகங்கள் உண்டு.

ஸ்கிரைபோஃபைல், கிரிட்டிக் சர்க்கிள் ஆகிய விமர்சனத் தளங்கள் இரண்டிலும் பிறர் எழுத்தை விமர்சித்துப் புள்ளி சேர்த்தால்தான் நம்முடையதைப் போட முடியும். மெதுவான வேலை. பதினொன்றாம் அத்தியாயத்தைத் தொடாதவர் பன்னிரண்டில் நுழைந்து “இந்த மாமா யார்?” என்பார். புள்ளிக்காக வளவளவென்று நிரப்புபவர்களும் உண்டு. ஆனாலும், “கதவு தட்டப்படும் இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது, முன்னால் உள்ள இரண்டு பக்கத்தைத் தூக்கிவிடுங்கள்” என்று ஒருவர் சொல்ல வாய்ப்புள்ள இடம் இதுதான். இதை விளம்பரமாக நினைத்துவிட வேண்டாம். இங்கே வாசிப்பவர் உங்கள் புத்தகத்தை வாங்கப் போவதில்லை.

என் ஓட்டு இந்த மூன்றாவதற்கு. முதல் மூன்று அத்தியாயங்களை அங்கே அடிவாங்க விட்டுத் திருத்துங்கள். கையில் மாயாஜாலக் கதையும், முன்கூட்டியே எழுதிவைத்த அத்தியாயங்களும் இருந்தால் அதற்குப் பிறகு தொடர்கதைத் தளம். ஓட்டுத் தளம் புதிதாக எது முளைத்தாலும், எழுதாதவர்கள் யாராவது அங்கே ஓட்டுப் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கணக்குத் தொடங்குங்கள்.