ஏழு வருட மெம்பர்ஷிப், ஒரே ஒரு போன் கால்

நண்பன் ஒருவனுக்குப் போன மாதம் கிரீன் கார்டு வந்தது. ஸ்வீட் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி வீட்டுக் கடனைப் பற்றியதல்ல. "மச்சான், நீ ஏதோ துப்பாக்கி இன்சூரன்ஸ் வச்சிருக்கியே, அது தேறுமா?" தற்காப்புக்காகச் சுட்டு வழக்காகிவிட்டால் வக்கீல் செலவையும் ஜாமீனையும் பார்த்துக்கொள்ளும் மெம்பர்ஷிப்பைத்தான் அப்படிச் சொல்கிறான்.

எச்-1பி விசாவில் இருந்தவரை அவனால் துப்பாக்கி வாங்க முடியாது. (வேட்டை லைசென்ஸ் எடுத்து அந்த விதிவிலக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. அது வேறு கதை.) இப்போது வாங்கலாம். வாங்குவதற்கு முன்பே வக்கீலைத் தேடுகிறான், புத்திசாலி. நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவன்.

அவன் கேட்ட அதே வாரத்தில்தான் எனக்கு ரின்யூவல் மெயிலும் வந்தது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

2018 அக்டோபரில் சேர்ந்தேன். வருடத்துக்கு 132 டாலர். டெக்சஸில் எல்.டி.சி. (கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான) லைசென்ஸ் வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், வகுப்பு முடியும் நேரத்தில் ஒருவர் டி-ஷர்ட்டோடு வந்து நிற்பார். "நீங்கள் சுடவே வேண்டாம், ஆனால் சுட்டுவிட்டால்?" என்று ஆரம்பிப்பார். அரசாங்கத்துக்கு லைசென்ஸ் கட்டணம் 40 டாலர்தான். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கொலை வழக்குக்கு வக்கீல் கேட்கும் முன்பணமே ஐம்பதாயிரத்தைத் தாண்டும் ஊர் இது.

2020-ல் 144 ஆனது. 2022-ல் 180. 2024-ல் 216. இந்த வருடம் 288. மனைவியையும் சேர்க்க 84 தனி. ஆக 372 டாலர். ஏழு வருடத்தில் என் வீட்டுத் தோசை மாவு கிரைண்டர்கூட இவ்வளவு விலை ஏறவில்லை.

விலை ஏறுவது எனக்குப் புரியாமல் இல்லை. வக்கீல் கட்டணம் ஏறுகிறது, எல்லாமே ஏறுகிறது. என்னைக் கொதிக்கவைத்தது அந்த மெயில் எழுதப்பட்டிருந்த விதம். முதல் மூன்று பத்தியில் விலை பற்றி ஒரு சொல் இல்லை. "உங்கள் பாதுகாப்பை மேம்படுத்தியிருக்கிறோம்" என்று தலைப்பு. முகமூடி போட்டவன் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் படம். புதிய சலுகைகள் என்று ஒரு பட்டியல். கடைசியில், பல்லி வாலைப் போட்டுவிட்டுப் போவதுபோல, புதிய கட்டணம்.

அந்தப் பட்டியலில் ஒன்று ரெட் ஃபிளாக் சட்டப் பாதுகாப்பு. ஒருவரிடமிருந்து கோர்ட் உத்தரவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டம் அது. டெக்சஸில் அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை. போதாக்குறைக்கு, அது இங்கே செல்லாது என்று 2025-ல் தனியாக ஒரு சட்டமே போட்டார்கள். இல்லாத சட்டத்திலிருந்து என்னைக் காப்பாற்ற என்னிடமே காசு. போடியில் குடையை விற்கலாம், ராஜஸ்தான் பாலைவனத்தில் விற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையும் அப்படித்தான். சிவில் வழக்குக்கு இத்தனை மில்லியன் டாலர் என்பார்கள். டெக்சஸில், சுட்டது சட்டப்படி நியாயம் என்று நிலைநாட்டிவிட்டால், காயத்துக்கோ சாவுக்கோ நஷ்டஈடு கேட்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. வழக்கு போடுவதை யாரும் தடுக்க முடியாது, சரி. குண்டு தவறிப் போய் வேறு யார் மேலாவது பட்டால் கதை வேறு, அதுவும் சரி. ஆனால் அந்த மில்லியன்கள் எனக்குத் தேவைப்படும் வாய்ப்பு, விளம்பரம் காட்டுவதைவிட மிகவும் குறைவு. உண்மையில் தேவைப்படுவது ஜாமீனுக்கும் முதல் வாரத்துக்கும்தான். ஜாமீன் ஏஜென்ட் வழக்கமாகத் தொகையில் பத்து சதவீதம் வாங்குவார். அது திரும்பி வராது. அந்த ஜாமீன் வரம்பு மட்டும் ஏழு வருடமாக அப்படியே இருக்கிறது.

இனி நியாயமாக, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மெம்பர்கள் வக்கீலிடம் பேச ஒரு ஹாட்லைன் உண்டு, ஒரே ஒரு முறை அதைக் கூப்பிட்டிருக்கிறேன்.

2021 பிப்ரவரி. டெக்சஸே உறைந்துபோன அந்த வாரம் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளேனோவில் எங்கள் தெருவில் இரண்டாவது நாளாகக் கரன்ட் இல்லை. வெளியே மைனஸ் 18 டிகிரி. நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில், வீட்டில் இருந்த அத்தனை போர்வைக்கும் அடியில். இரவு இரண்டு மணி வாக்கில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்பது தவறு, இடித்தார்கள். "யார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கைப்பிடியைத் திருகும் சத்தம் கேட்டது.

பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அது. கதவைத் திறந்தேன்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர். காது மெஷினில் சார்ஜ் இல்லை, அதனால்தான் பதிலும் இல்லை. அவர் மனைவியின் ஆக்சிஜன் மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் என் கையைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிரில், மெதுவாக இரண்டு கையையும் தூக்கினார்.

என் காரிலிருந்து இன்வெர்ட்டர் போட்டு விடியும்வரை அந்த மெஷினை ஓட்டினோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் இல்லை. போலீஸ் வருமா, நான் செய்தது குற்றமா என்று ஒரே குடைச்சல். மூன்றாவது நாள் கார்டின் பின்பக்கத்து நம்பரை அழுத்தினேன். இரண்டு ரிங்கில் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் டாலஸ் வக்கீல் ஒருவர் திருப்பிக் கூப்பிட்டார்.

நாற்பது நிமிடம் பேசினார். அவசரமே படவில்லை. முனை எந்தப் பக்கம் இருந்தது (தரைப் பக்கம்), விரல் எங்கே இருந்தது, என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டெக்சஸ் பீனல் கோடில் 9.04 என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருக்கும் இடத்தில், தேவைப்பட்டால் சுடுவேன் என்ற எண்ணத்தை உண்டாக்க மட்டும் ஆயுதத்தைக் காட்டினால், அது கொல்லும் பலத்தைப் பயன்படுத்தியதாக ஆகாது. அதை எனக்குப் புரியும் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். இதைப் பற்றி யாருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டாம், பேஸ்புக்கில் எழுத வேண்டாம் என்றார். (நாலரை வருடம் பொறுத்திருக்கிறேன், மன்னிக்கவும்.)

எல்லாம் முடிந்த பிறகு சாதாரணமாகக் கேட்டார். "கதவு பூட்டியிருந்தது, இல்லையா?"

"ஆமாம்."

"பின்னே எதற்குத் திறந்தீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. வகுப்பில் 50 ரவுண்டு சுட்டுக் காட்டியிருக்கிறேன், சட்டம் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். பூட்டிய கதவே ஒரு பாதுகாப்பு, அதற்குப் பின்னால் நின்று 911-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை நாற்பது நிமிட போனில்தான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து வாசலில் பேட்டரியில் ஓடும் கேமரா இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு நான் கட்டிய அத்தனை காசும் தகும் என்று அந்த வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று பேரைச் சேர்த்தும்விட்டேன்.

அப்புறம் 2022-ல் கட்டணம் 180 ஆனபோதுதான் பாலிசி முழுவதையும் முதல் முறையாகப் படித்தேன். பதினான்காம் பக்கம். குற்றவாளி என்று தீர்ப்பானாலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, அதுவரை செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தீர்ப்பானால் என்பது புரிகிறது. கொலைக்கு இன்சூரன்ஸ் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் ஒப்புக்கொண்டால்? இந்த நாட்டில் பெரும்பாலான கிரிமினல் வழக்குகள் கோர்ட்டில் வாதாடி முடிவதில்லை, பேரம் பேசித்தான் முடிகின்றன. இருபது வருடம் உள்ளே போகும் ஆபத்தா, சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருப்பதா என்று அரசு வக்கீல் கேட்டால், பிள்ளை குட்டிக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அந்த நேரத்தில், ஒப்புக்கொண்டால் பில் வீட்டுக்கு வரும் என்ற நினைப்பும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். இதைத்தான் மெயிலில் கேட்டேன். அதே பதினான்காம் பக்கத்தை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். மறுபடி கேட்டேன். மறுபடி அதே பத்தி, இந்த முறை கீழே ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

எல்லாத் திட்டமும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் பின்னால் நிற்கும் திட்டம் ஒரு வகை. முன்பணம் வாங்கிக்கொண்டு வக்கீலை மட்டும் தரும் திட்டம் இன்னொரு வகை. உறுப்பினர்கள் போட்ட நிதியிலிருந்து எடுத்துக் கொடுப்பது மூன்றாவது. என்னுடையது முதல் வகை. இந்த வகைக்கு ஒரு பழைய காயமும் உண்டு. அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ. 2017-ல் கேரி கார்ட் (Carry Guard) என்று இதே மாதிரி ஒரு இன்சூரன்ஸைத் தொடங்கியது. குற்றச் செயலுக்கு இன்சூரன்ஸ் தருகிறது என்று நியூயார்க் அதிகாரிகள் பாய்ந்தார்கள். 2018-ல் அதை நடத்திய லாக்டன் கம்பெனிக்கு 70 லட்சம் டாலர் அபராதம், அதற்குப் பின்னால் நின்ற சப் (Chubb) இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 13 லட்சம். அந்தச் சண்டையின் ஒரு கிளை சுப்ரீம் கோர்ட் வரை போய், 2024 மே மாதம் என்.ஆர்.ஏ. பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அது பேச்சுரிமை வழக்கு, இன்சூரன்ஸ் சரியா தவறா என்பதல்ல. ஒரு மாநிலம் முறைத்துப் பார்த்தால் பின்வாங்கக்கூடிய இன்சூரன்ஸ் கம்பெனிதான் எனக்கும் பின்னால் நிற்கிறது என்ற எண்ணம் மட்டும் அன்றிலிருந்து போகவில்லை.

போடியில் என் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். திருப்பி வாங்கும்வரை முனகிக்கொண்டே இருப்பார். ஆனால் அந்த ரசீதில் எழுதியிருந்தது ஒரே வரிதான். அதற்கு பதினான்காம் பக்கம் கிடையாது.

சரி, போன வெள்ளிக்கிழமை ரத்து செய்யக் கூப்பிட்டேன். சேருவதற்கு மூன்று கிளிக், விலகுவதற்கு இருபத்தைந்து நிமிடம். "உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பைவிட 72 டாலர் முக்கியமா, சார்?" என்றான் அந்தப் பையன். ஏதோ எழுதிவைத்ததைப் படிக்கிறான், அவன் மேல் கோபமில்லை. நான் அசையாததைப் பார்த்துவிட்டு, 198 டாலருக்குத் தருகிறேன் என்றான். அங்கேதான் எனக்கு மண்டை சூடேறியது. 198-க்குக் கொடுக்க முடியும் என்றால் போன வருடம் என்னிடம் வாங்கிய 216 எதற்கு? வாய் திறக்காமல் கட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பேரிடம் வாங்கப்போகும் 288 எதற்கு? ரத்து செய் என்று சொல்லிவிட்டேன்.

நண்பனுக்கு என் பதில்: நீ சேர். முதல் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு முதல் இரண்டு வருடம் கேள்வி நிறைய வரும், அந்தக் கேள்விக்கெல்லாம் எடுத்துப் பேச ஒரு வக்கீல் வேண்டும். ஒப்புக்கொண்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர். ரின்யூவலுக்கு ஒரு வாரம் முன்னால் விலகப்போவதாகக் கூப்பிட்டுச் சொல், விலை தானாக இறங்கும்.

மனைவிதான் கேட்டாள், "ராத்திரி யாராவது மறுபடி கதவைத் தட்டினா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" அந்த டாலஸ் வக்கீலின் ஆபீஸ் நம்பரை அப்போதே குறித்து வைத்திருந்தேன், நேற்று கூப்பிட்டு விசாரித்தேன் என்றேன். எவ்வளவு கேட்கிறார் என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு 400 டாலர்.

அவள் ஒன்றும் சொல்லாமல் சமையலறைப் பக்கம் போனாள். சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.