புதுச்சேரி கடற்கரையில் ஞாயிறு காலை: எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

விடுமுறை நாளில் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குச் சாப்பிட வருகிற எல்லோரும் முதலில் கேட்பது கடல் தெரியும் மேசையைத்தான். முத்தியால்பேட்டையில் குடியிருந்துகொண்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் உறவினர்களைப் பல ஆண்டுகளாக இந்தத் தெருக்களுக்கு அழைத்துப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: காலை ஒன்பது மணிக்கு மேல் கடல் தெரியும் மேசை வேண்டாம். தாராளமாகத் தெருவுக்கு உள்ளே போங்கள். நல்ல சாப்பாடும் அங்கேதான், நிழலும் அங்கேதான்.

காரணம் எளியது. நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலை முழுவதும் வெயில் கடல் பக்கமிருந்து நேராக முகத்தில் அடிக்கும். கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வீசுவது மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று. கடற்காற்று உள்ளே வர ஏறக்குறைய நண்பகல் ஆகிவிடும். ஆக, பத்து மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையே கடலோர மாடியில் வெயில் உச்சத்தில் இருக்கும், காற்று அசையாது. அந்த நேரத்துக்குத்தான் எல்லோரும் மாடியில் இடம் பிடிக்கிறார்கள். தட்டு வருவதற்குள் முகம் வியர்த்து, பிள்ளைகள் சிணுங்கி, சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

கடலை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தில் சாலை முழுவதும் நடப்பவர்களுக்குச் சொந்தம். தலைமைச் செயலகத்திலிருந்து தெற்கே நடந்தால் 1836இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, பிரெஞ்சுக்காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே கலங்கியது. பழைய வடிவத்திலேயே எழுப்பி 2021இல் திறந்தார்கள். இன்றும் அதைக் கடக்கும்போது மனம் நிறைகிறது.

சிறு பிள்ளைகள் இருந்தால் தலைமைச் செயலகத்தின் எதிரே மணலில் கொஞ்ச நேரம் விடுங்கள். இந்த மணல் திரும்பி வந்த மணல். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலை வழிமறித்துவிட்டன. நகரக் கடற்கரை கரைந்துபோய், கொட்டிய கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் 2018இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு போட்ட பிறகுதான் வடக்குப் பகுதியில் மணல் சேர்ந்தது. என் தலைமுறையில் பலர் இந்த இடத்தில் பாறையை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள்.

இந்த நடைக்கு நடுவே ஒரு காபி போதும். காந்தி சிலைக்குப் பக்கத்தில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே, முன்பு துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடத்தில் இருக்கும் லே கஃபேயை விடக் கடலுக்கு நெருக்கமான நாற்காலி நகரில் கிடையாது. அங்கே காபியோடு நிறுத்திக்கொண்டு பசியை அடுத்த இடத்துக்கு எடுத்துப் போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்து ரொட்டி. புதுச்சேரியில் நல்ல பகெத், அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டி, கிடைப்பது சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் அல்ல. 1962இல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்போம். அந்த வீடுகளில் காலையில் பகெத் இல்லாமல் நாள் தொடங்காது. டூமாஸ் வீதியில் 1855இல் கட்டிய கப்ஸ் கோயிலில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கையில் ஜெபப் புத்தகத்தோடு நேராக ரொட்டிக் கடைக்கு வருகிற பெரியவர்களைப் பாருங்கள். அவர்கள் எந்தக் கடைமுன் நிற்கிறார்களோ அங்கே நம்பி வாங்கலாம்.

பகெத் வாங்குவதில் நேரம் முக்கியம். கடலோர ஈரக்காற்றில் அதன் மொறுமொறுப்புக்கு ஆயுள் குறைவு. அடுப்பிலிருந்து இறங்கிய அரை மணிக்குள் உடைத்தால் மேலோடு சடசடவென்று வெடித்துத் துணுக்குகள் மேசை முழுக்கச் சிதறும். உள்ளே சதை ஈரமாக, பெரிய பெரிய துளைகளோடு இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அதே ரொட்டியை இழுத்தால் தோல் போல நீளும். ஒயிட் டவுனின் மேற்கு எல்லையான பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய கடையில், கண்ணாடிப் பெட்டியில் இருந்த ரொட்டியைக் கேட்டபோது கடைக்காரப் பெரியவர் எடுத்துத் தரவில்லை. "கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இது விடியற்காலை ரொட்டி. அடுத்த தட்டு இறங்கட்டும்" என்றார். அன்றிலிருந்து எந்தக் கடையிலும் அடுத்த தட்டு எப்போது இறங்கும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். புஸ்ஸி வீதியின் பேக்கர் ஸ்ட்ரீட்டில் குரோசான் (அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டி), கீஷ் (முட்டையும் கிரீமும் நிரப்பிச் சுட்ட பண்டம்) இரண்டும் எனக்கு எப்போதும் பிடித்தவை. ஆனால் ஞாயிறு பத்தரைக்கு மேல் அங்கே உட்கார இடம் தேடுவது வீண். வாங்கிக்கொண்டு பாரதி பூங்காவுக்குப் போய், ஆயி மண்டபம் தெரிகிற ஏதாவது ஒரு மர நிழல் பெஞ்சில் பிரித்துச் சாப்பிடலாம்.

இனி, ஆற அமர உட்கார்ந்து சாப்பிடும் இடங்கள். இங்கே நான் ஓட்டலின் பெயரைவிடக் கட்டடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒயிட் டவுன் வீடுகள் தெருவுக்கு உயர்ந்த சுவரைக் காட்டிவிட்டு, உள்ளே முற்றத்தையும் தோட்டத்தையும் வைத்துக்கொண்டவை. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, சாய்ந்த பலகைகள் கொண்ட மரச் சன்னல்கள். வெளியே தார்ச்சாலை கொதிக்கும் மே மாதத்திலும், முற்றத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் பதினொன்று மணி வரை நிழல் இருக்கும். சூரியன் அந்தக் கூரைக்குப் பின்னால் நிற்பதால். மேற்குத் தாழ்வாரம் கண்ணுக்கு அழகாகத் தெரியும், வெயில் முழுவதும் அங்கேதான் விழும். உள்ளே நுழைந்ததும் நுழைவாசல் எந்தத் திசை என்று பார்த்துவிட்டு மேசையைக் கேளுங்கள். இது ஒன்றைச் செய்தாலே சாப்பாட்டு அனுபவம் மாறிவிடும்.

சுப்ரேன் வீதியில் கஃபே டெஸ் ஆர்ட்ஸ் எங்கள் குடும்பத்துக்குப் பழகிய இடம். பழைய வீட்டின் முன்தாழ்வாரம், மரங்கள், ஒன்றோடொன்று பொருந்தாத பழைய நாற்காலிகள். கிரேப் என்னும் மெல்லிய பிரெஞ்சு தோசை, பகெத் சாண்ட்விச், ஆம்லெட் என்று சின்ன உணவுப் பட்டியல். அதனால் செய்வதை ஒழுங்காகச் செய்கிறார்கள். யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. புத்தகம் படிக்கிறவர்களையும் விட்டுவிடுகிறார்கள். அதே வீதியில் வில்லா சாந்தியின் முற்றம், விசேஷமான நாளுக்கு ஏற்றது. ரோமன் ரோலண்ட் வீதியில் கொரமண்டல் கஃபே இருக்கும் இளஞ்சிவப்பு மாளிகை படங்களில் அதிகம் தென்படுவது. தோட்டத்தின் அழகு உண்மைதான், ஆனால் முன்பதிவு இல்லாமல் ஞாயிறு அன்று வாசலில் நிற்கத் துணியாதீர்கள்.

மனம் கசந்த இடங்களும் உண்டு. கடலோர மாடி ஒன்றில் 'பிரன்ச் பஃபே' (காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த விருந்து) என்று நல்ல தொகை வாங்கிக்கொண்டு, ஆறிப்போன முட்டைப் பொரியலையும் மைக்ரோவேவில் சூடாக்கிய குரோசானையும் வைத்தார்கள். மைக்ரோவேவில் சூடான குரோசானைக் கண்டுபிடிப்பது எளிது: அடுக்குகள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கை பட்டால் ரப்பராக வளையும். இன்னோர் இடத்தில் கேட்காமலே பில்லில் சேவைக் கட்டணம் ஏறியிருந்தது. அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். நான் அமைதியாகச் சொன்னேன், நீக்கினார்கள். வரியையும் பாருங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் அது 18 சதவீதம். பாரம்பரிய மாளிகைகள் சில ஹோட்டல்களாக இருப்பதால், ஆறு பேர் சாப்பிடும்போது இந்த வேறுபாடு கையைக் கடிக்கும்.

பகல் பன்னிரண்டை நெருங்கிவிட்டது, ரொட்டியும் முட்டையும் போதும் என்று தோன்றினால், பிரெஞ்சு-தமிழ்ச் சமையலைத் தேடுங்கள். பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். வாய்க்காலைத் தாண்டி, பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் ஒரு தமிழ் வீடு. திண்ணை, தூண்கள், முற்றம் எல்லாம் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அங்கே கிடைக்கும் மீனும் குழம்பும் இந்த ஊரின் இரண்டு சமையலறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதன் விளைவு. வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து உருட்டி வெயிலில் காயவைக்கும் நம் வடகம் பிரெஞ்சுக்காரர்களின் அடுப்புக்கும் போய்ச் சேர்ந்தது. மீன் சாற்றிலோ குழம்பிலோ அந்த வடகத்தின் வாசனை எழுந்தால் சமையல்காரர் ஊர் அறிந்தவர் என்று கொள்ளுங்கள். மாறாக, வெறும் கிரீமில் மிதக்கும் மீன் துண்டை 'புதுச்சேரி ஸ்பெஷல்' என்று சில கடைகள் நீட்டுகின்றன. அதில் புதுச்சேரி எதுவும் இல்லை.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே காசும் குறைவாகச் செலவாகும், வயிறும் நிறையும். நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவால் நடப்பது. அங்கே காபி குடித்துக்கொண்டு கடைத்தெருவை வேடிக்கை பார்க்கலாம். தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் ஞாயிறு காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கிடைக்கும் சின்னக் கடைகள் இருக்கின்றன. பாயா பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் கடற்கரை நடையை முடித்து நேராக அங்கே போய்விட வேண்டும். வெளியூர் உறவினர்களில் பாதிப்பேர் ஒயிட் டவுன் மேசையைவிட இந்த பெஞ்சைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

வண்டியை வாய்க்காலுக்கு மேற்கே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது, ஆனால் ஞாயிறு அன்று காந்தி வீதியைத் தவிருங்கள். சண்டே மார்க்கெட் நடக்கும், கார் உள்ளே போனால் வெளியே வருவது பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் மாடி மேசைகளை ஒதுக்கிவிடுங்கள். பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை, லிஃப்ட் இருப்பது அரிது. என் மாமியாருக்காக நான் எப்போதும் தரைத்தளத் தாழ்வாரத்தையே கேட்டு வாங்குவேன்.

சில வார இறுதிகளில் வரவே வேண்டாம் என்பேன். ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள், ஆசிரமத்துக்கு வருகிறவர்களால் தெருக்கள் நிரம்பும். மறுநாள் 16, சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். இவை வார இறுதியோடு ஒட்டிவிட்டால் எங்கும் இடம் கிடைக்காது. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டிய நாட்களும் நெருக்கடியானவை, ஆனால் அன்று போர் நினைவிடத்தில் சொல்தாக்கள் பதக்கங்களோடு மரியாதை செலுத்துவதைப் பார்ப்பதற்காகவே நான் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வேன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் முற்றத்து மேசைகள் நனைந்துவிடும். கூரையுள்ள தாழ்வாரம் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரி பொங்கலுக்குப் பிறகும் பிப்ரவரியிலும் காலைகள் இதமாக இருக்கும், அப்போது மட்டும் கடலோர மேசையையும் பரிந்துரைப்பேன்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். சென்னைக் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து சேரச் சனி நண்பகல் ஆகிவிடுகிறது. அதனால் அன்று எட்டு முதல் பதினொன்று வரை தாழ்வாரங்கள் காலியாகவே இருக்கும். ஞாயிறு பத்து மணிக்கு மேல் அறைகளைக் காலி செய்கிறவர்கள் அனைவரும் பெட்டிகளோடு ஒரே நேரத்தில் உணவகங்களுக்குள் நுழைகிறார்கள். வெள்ளி இரவே வந்து தங்குகிறவர்களுக்குக் கிழக்குத் தாழ்வாரத்து மேசை கிட்டத்தட்ட உறுதி.