சிட்டுக்குருவி மரப்பெட்டி: பெட்டி நல்ல பெட்டிதான், எப்போது மாட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம்

ஆன்லைனில் விற்கிற இந்த மரப்பெட்டியின் கீழே குவிந்திருக்கும் ஒரு ஸ்டார் விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "மாட்டி பத்து நாள் ஆச்சு, ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கல", "சும்மா சுவரில் தொங்குது", "காசு வேஸ்ட்" என்று வரிசையாக. தேதிகளைக் கவனித்தால் முக்கால்வாசி மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் எழுதியவை. 2010இல் இருந்து மார்ச் 20ஐ உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறார்கள், அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்புகிறார்கள், கடைகளில் தள்ளுபடி போடுகிறார்கள், எல்லோரும் ஆசையாக வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்குள் நம் ஊர்ச் சிட்டுக்குருவிகளில் பெரும்பாலானவை இடம் பிடித்து முடித்திருக்கும். பெட்டிமேல் குற்றமில்லை.

நான் இருப்பது கும்பகோணம் பக்கம். இங்கே சம்பா அறுவடை முடிகிற தை, மாசியிலேயே ஆண் குருவி இடம் தேட ஆரம்பித்துவிடும். வீடு பார்ப்பது ஆண்தான். ஒரு பொந்தையோ ஓட்டு இடுக்கையோ பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து நாள் முழுக்க "சிலிப் சிலிப்" என்று கத்தும், பெண் வந்து உள்ளே போய்ப் பார்த்துப் பிடித்தால்தான் வைக்கோல், நார், இறகு என்று சாமான் ஏறும். ஒருமுறை குஞ்சு பொரித்த இடம் ஒத்துவந்துவிட்டால் அதே ஜோடி அதே இடத்தில் அடுத்தடுத்து முட்டையிடும், சுலபத்தில் வேறு இடம் மாறாது. அதனால் பங்குனியில் புதுப்பெட்டி மாட்டினால், இடம் கிடைக்காமல் அலையும் ஜோடி ஏதாவது வந்தால் உண்டு.

எங்கள் வீட்டில் கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு மாட்டினேன். முதலில் ராத்தங்கலுக்கு வந்தன. கூடு கட்டும் முன்பே குருவிகள் பொந்துகளை இரவு அடைய பயன்படுத்தும், அப்படிப் பழகிய இடத்திலேயே பிறகு கூடு வைக்க வாய்ப்பு அதிகம். பருவம் வந்துவிட்டதா என்று தெரிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது: ஆண் குருவியின் அலகைப் பாருங்கள். மற்ற மாதங்களில் வெளிறின கொம்பு நிறத்தில் இருப்பது, இனப்பெருக்கக் காலம் நெருங்கினால் உடம்பில் சுரக்கும் ஹார்மோனால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அலகு கறுக்கும் முன்னால் பெட்டி சுவரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், எல்லாம் குஞ்சுக்காக. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் பொரித்த முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்குப் பூச்சிதான் உயிர். கம்பளிப்புழு, வெட்டுக்கிளிக் குஞ்சு, எறும்பு, அசுவினி என்று மெதுவாக இருக்கும் எதையும் தாயும் தகப்பனும் விடிந்ததிலிருந்து சுமந்துகொண்டே இருக்கும். முட்டை பொரிய பதினொன்று முதல் பதினான்கு நாள், பிறகு குஞ்சு கூட்டில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். பூச்சி நிறைய கிடைக்கும்போது குஞ்சு வாய் திறந்திருக்க வேண்டுமென்றால் அதற்குப் பல வாரம் முன்பே உடம்பு தயாராக ஆரம்பித்தாக வேண்டும், வரப்போகிற காலத்தை முன்கூட்டியே எப்படியோ தெரிந்துகொண்டாக வேண்டும்.

அதை வெளிச்சம் சொல்கிறது. 1924 குளிர்காலத்தில் கனடாவில் வில்லியம் ரோவன் என்ற ஆய்வாளர் ஜன்கோ என்ற சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, உறையும் குளிரில், மின்விளக்குப் போட்டு அவற்றின் பகலைத் தினமும் சில நிமிடம் நீட்டிக்கொண்டே போனார். அந்தக் குளிரிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தில் போல வளர்ந்துவிட்டன. பறவைக்குப் பருவம் இல்லாத மாதங்களில் அந்த உறுப்புகள் சுருங்கிக் கிடக்கும், பறக்கிற உடம்பில் வீண் எடை கூடாதே. பகல் நீளும்போது மறுபடி பல மடங்கு பெருக்கும். இன்னொரு அதிசயம், இந்த வெளிச்சக் கணக்கைப் பறவை கண்ணால் மட்டும் போடுவதில்லை, மண்டையோட்டைத் தாண்டி உள்ளே இறங்கும் ஒளியை மூளைக்குள் இருக்கும் செல்களே நேராக உணர்கின்றன. சிட்டுக்குருவிகளை வைத்தே இதைச் சோதித்து நிரூபித்திருக்கிறார்கள். தினமும் பார்க்கிற குருவிக்குள் இப்படியொரு ஏற்பாடு என்று படித்ததிலிருந்து அதன்மேல் எனக்கு மரியாதையே கூடிவிட்டது.

சரி, லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், சென்னையில் ஒன்றரை மணி நேரம்தானே, இது போதுமா என்று தோன்றும். பனாமாக் காட்டில் வாழும் புள்ளி எறும்புப்பறவையிடம் பகலை 17 நிமிடம் கூட்டிப் பார்த்து, அதற்கே அதன் உடம்பு தயாரானதை 1998இல் வெளியிட்டார்கள். ஆனால் நம்மைப் போன்ற வெப்பநாட்டில் கடைசிச் சொல் மழைக்கும் தீனிக்கும்தான். தென்னிந்தியாவில் சிட்டுக்குருவி கிட்டத்தட்ட வருடம் முழுக்க எங்காவது முட்டையிடும். இங்கே கெட்டியான பருவம் என்றால் மாசியிலிருந்து வைகாசி வரை, ஐப்பசி அடைமழையில் அடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் விற்பவர்மேல் எனக்கு உண்மையான வருத்தம். பெட்டியோடு வந்த அச்சிட்ட தாளில் "எல்லாப் பறவைகளுக்கும், எல்லா மாதங்களிலும்" என்று போட்டு, தூக்கணாங்குருவி, தேன்சிட்டுப் படத்தையெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். தூக்கணாங்குருவி பெட்டிக்குள் வரவே வராது, மழை பெய்து புல்லும் நெற்பயிரும் நீளமாக வளர்ந்தபிறகு அதைக் கிழித்துத் தானே பின்னும், அதன் பருவம் மழையோடு சேர்ந்தது. தேன்சிட்டு சிலந்தி நூலை வைத்துச் செடியில் தொங்கவிட்டுக் கட்டும். காக்கை சித்திரை, வைகாசியில் கட்டும், குயிலும் அந்தக் கணக்கை வைத்துத்தான் முட்டை போடும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை வடகிழக்கு மழையில் ஏரி நிரம்பிய பின்பே குச்சி அடுக்கும், ஆனால் அதே நாரை ராஜஸ்தானின் பரத்பூரில் தென்மேற்கு மழையை ஒட்டி ஆடி, ஆவணி வாக்கில் கட்டுகிறது. ஒரே பறவைக்கே ஊருக்கு ஊர் மாதம் மாறும்போது "எல்லாப் பறவை, எல்லா மாதம்" என்று எழுதுவது வாங்குகிறவரை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும். பெட்டிக்கு வருவது பொந்தில் கூடு வைக்கும் பறவைகள் மட்டும்: சிட்டுக்குருவி, வாசல் பெரிதாக இருந்தால் மைனா, குண்டுகரிச்சான். அணிலும் வரும்.

பிரிட்டனில் பிப்ரவரி 14 முதல் ஒரு வாரத்தைக் கூட்டுப்பெட்டி வாரம் என்று 1997இல் இருந்து நடத்துகிறார்கள், பறவைகள் ஜோடி சேரும் முன்பே பெட்டி ஏறிவிட வேண்டும் என்பதற்காக. ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் வைத்தம் காட்டில் 1947இல் இருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் பட்டாணிக்குருவி வகைகளைக் கவனித்துவருகிறார்கள். வசந்தம் சூடாகி, புழுக்கள் சீக்கிரம் வருவதால், அங்கே முட்டையிடும் தேதி 1960களைவிட இரண்டு வாரம் போல முன்னே வந்துவிட்டதை அந்தப் பெட்டிகள்தான் காட்டிக்கொடுத்தன. நம் ஊரிலும் பெட்டி வைத்திருப்பவர்கள் முதல் வைக்கோல் ஏறிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தயவுசெய்து.

இனி பொருளைப் பற்றி. பைன் பலகை, உள்ளே இழைக்காமல் சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள், குஞ்சு பிடித்து ஏறி வர அது அவசியம். வாசல் துளை 32 மில்லிமீட்டர், ஸ்கேல் வைத்தே பார்த்தேன், மைனா நுழையாது. பெட்டியின் அடிப்பலகையிலிருந்து துளை போதுமான உயரம், பூனை கைவிட்டாலும் குஞ்சு எட்டாது. பின்பலகை திருகைக் கழற்றினால் திறக்கிறது, பருவம் முடிந்து குஞ்சுகள் போனபின் பழைய கூட்டை எடுத்துக் கொதிநீர் ஊற்றிக் காயவைக்க வசதி. காற்றுத் துளைகள் உண்டு. விலை 350 ரூபாய், அந்த வேலைப்பாட்டுக்கு நியாயம். பிடிக்காதது, வாசலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி. குருவிக்கு அது வேண்டவே வேண்டாம், காக்கையும் மைனாவும் உட்கார்ந்து தொல்லை கொடுக்கத்தான் உதவும், நான் அறுத்து எடுத்துவிட்டேன். கூட வரும் ஆணி சின்னது, நல்ல திருகாணி வாங்கிக்கொள்ளுங்கள். தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருகிற மலிவுப் பெட்டிகளை வாங்காதீர்கள், சித்திரை வெயிலில் குஞ்சு வெந்துவிடும்.

மேற்கு வெயில் படாத சுவரில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், சீலிங் ஃபேன் இருக்கும் அறைக்கு வெளியே மாட்டுங்கள். குருவிகள் கூட்டமாக வாழ்பவை என்பதால் முடிந்தால் இரண்டு மூன்றாக. பக்கத்தில் நாலு செடி இருந்து அதில் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் குஞ்சுக்குச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும், தட்டில் வைக்கும் குருணையால் அந்த வேலை நடக்காது.

பெட்டிக்கு நான்கு ஸ்டார். அந்தத் தாளுக்கு ஒன்று, அதை மட்டும் மாற்றி "மார்கழிக்குள் மாட்டவும்" என்று ஒரு வரி அச்சடித்தால் மீதி ஸ்டாரையும் கொடுத்துவிடுவேன். ஏற்கெனவே மார்ச்சில் மாட்டி ஒரு ஸ்டார் போட்டவர்கள், பெட்டியைக் கழற்றிப் பரணில் போடாமல் அப்படியே சுவரில் விட்டுவிட்டு அடுத்த தை வரை பொறுங்கள்.