கோணல் வீட்டுக்கு மரச்சாமான்: திருவானைக்காவல் தச்சுப் பட்டறை ஒன்றின் வேலை

பாகப்பிரிவினையில் நடுவே சுவர் எழுப்பிப் பாதியாகிப்போன பழைய வீடு, வாசலில் நின்றால் கொல்லைப்புறம் வரை தெரிகிற வீடு, எந்த அறையிலும் சதுரமே இல்லாத வீடு. இப்படி ஒன்றில் குடியிருந்துகொண்டு சோபா, மேஜை, அலமாரி வாங்கத் திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவானைக்காவல் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத சின்னத் தச்சுப் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவரை எல்லோரும் ஆசாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு அவரிடம்தான் வேலை கொடுத்தோம். வேலை அருமை, சொன்ன தேதி மட்டும் தேதி இல்லை. மற்றதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வீடு. கூடம் 17 அடி நீளம். அகலம் வாசல் பக்கம் 10¼ அடி, அடுக்களைப் பக்கம் 8¾ அடி. பங்கு பிரித்தபோது எழுப்பிய சுவர் பழைய மரத்தூண் ஒன்றை அணைத்துக்கொண்டு போவதால், நேராகவும் இல்லை, மட்டமாகவும் இல்லை. தூண் 5 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்கதவும் அடுக்களைக் கதவும் இடது சுவரை ஒட்டி ஒரே நேரில் இருக்கின்றன. யார் எங்கே போனாலும் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கதவு நிலையின் உள்ளகலம் 2¾ அடிதான்.

பட்டறைக்குப் போகும் முன் திருச்சியில் பெரிய ஷோரூம்களையும் பார்த்துவிட்டோம். சிறிய வீட்டுக்கென்றே செய்தது என்று காட்டிய மூன்று பேர் சோபாகூட 6½ அடி நீளம், 3 அடி ஆழம். எங்கள் நிலைக்குள் அது நேராக நுழையாது. நுழைத்தாலும் கூடத்தின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். எல் வடிவச் சோபாதான் இட மிச்சம் என்று ஒரு விற்பனையாளர் அடித்துச் சொன்னார். நான் ஏற்கவில்லை. யாரும் நடக்காத மூலை ஒன்று அறையில் இருந்தால்தான் எல் வடிவம் சரி. நடைபாதையாகவும் இருக்கிற கூடத்தில் அதன் குட்டைக் கை வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

ஆசாரி வந்ததும் டேப்பைப் பிரிக்கவில்லை. "அம்மா, நீங்க நடக்கிற வழிய மொதல்ல காட்டுங்க, சாமான அப்புறம் பாப்போம்" என்றார். என் மாமியாரிடம் ராத்திரியில் கொல்லைக்கு எப்படிப் போவீர்கள், எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவீர்கள் என்று கேட்டார். மாமியாருக்கு முழங்கால் வலி. இடது சுவரைத் தொட்டுக்கொண்டே போவதுதான் பழக்கம். அந்தச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். இதற்குள் எதுவும் வராது, மிச்சத்தில்தான் நம் வியாபாரம் என்றார். இத்தனை கடை ஏறி இறங்கியதில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த இடத்திலேயே வேலை அவருக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம்தான் அளவு. நான்கு பக்கமும் அளந்ததோடு விடாமல் இரண்டு குறுக்களவும் எடுத்தார். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே அளவாக இருக்கும் அறையில்கூடக் குறுக்களவு இரண்டும் சமமாக வராவிட்டால் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் அந்த மூலை சரியான செங்கோணம். ஒரே ஒரு மூலையில்தான் வந்தது. சுவரின் அகலத்தைக் கீழே, இடுப்பு உயரத்தில், மேலே என்று மூன்று இடத்தில் எடுத்தார். பழைய சுண்ணாம்புச் சுவர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகத்தான் இருக்கும். தரையில் மட்டும் அளந்து செய்த அலமாரி மேலே இடிக்கும், இல்லையென்றால் சந்து விடும்.

செய்யப்போகும் சாமான்களின் உருவத்தையும் தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டு, கொஞ்ச நாள் இதைச் சுற்றியே நடந்து பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். செலவே இல்லாத இந்தப் பரீட்சையை எந்தக் கடைக்குப் போகிறவரும் செய்துவிட்டுப் போகலாம். எங்களுக்குச் சாப்பாட்டு மேஜையின் இடமே இதனால்தான் மாறியது. முதலில் வரைந்த இடத்தில், நாற்காலியை இழுத்தால் ஃபிரிட்ஜ் கதவு திறக்க வழியில்லாமல் போயிருக்கும்.

செய்து தந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மேஜைதான். கூடத்தின் ஒடுங்கிய முனையில் நடைபாதை போக மிச்சம் 5¾ அடி, அதாவது 69 அங்குலம். மேஜை சுவரிலிருந்து 30 அங்குலம் வரும். நாற்காலியை இழுத்து உட்கார இன்னொரு 30 அங்குலம் வேண்டும். மிஞ்சுவது 9 அங்குலம். இந்த நிலைமையில் செவ்வக மேஜை போட்டால், அவசரமாகப் போகும்போது அதன் முனை இடுப்பில் குத்தாமல் விடாது. அதனால் சுவரை ஒட்டி 4 அடி நேராக, முன்பக்கம் அரைவட்டமாக வளைத்துக் கொடுத்தார். மூலை என்பதே இல்லை. சுவரோடு 12 அங்குலம் நிலையாக நிற்கும். வளைந்த பாகம் பியானோ கீலில், அதாவது விளிம்பு நீளத்துக்கும் ஓடும் ஒரே கீலில், கீழே மடங்கும். தாங்குவதற்கு மடக்குக் கை இரண்டு. மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம், நாலாவது ஆள் என்றால் கொஞ்சம் நெருக்கம். ஒரு ஆளுக்கு 24 அங்குல விளிம்பாவது வேண்டும் என்பது அவர் கணக்கு, அது சரியாகவே இருக்கிறது.

சோபாவுக்குப் பதில் இரண்டு திவான். ஒவ்வொன்றும் 6¼ அடி நீளம், 27 அங்குல அகலம். ஒன்று கூடத்தில், இன்னொன்று முன்னறையில். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று எங்கள் வீட்டில் உறவினர் நிறைந்திருப்பார்கள். அப்போது இரண்டையும் சேர்த்துப் போட்டால் 4½ அடி அகலக் கட்டில். 33 அங்குல நிலைக்குள் 27 அங்குலத் திவான் படுத்தவாக்கிலேயே போய்விடுகிறது. மெத்தையோடு சேர்த்து உயரம் 19 அங்குலம் வைக்கச் சொன்னோம், முழங்கால் வலிக்காரருக்கு எழுந்திருக்கச் சுலபம். சோபாவில் இருக்கிற சாய்மான சுகம் இதில் வராது. முதுகுக்குத் தலையணை போட்டுக்கொள்ள வேண்டும். டிவி முன்னால் மணிக்கணக்காகச் சரிந்து உட்காருகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

படுக்கையறை அலமாரியில் அவர் மூளை தெரிந்தது. அங்கேயும் அதே கோணல் சுவர்தான். சுவரோடு ஒட்டி அலமாரி செய்தால் முகப்பும் கோணலாக நிற்கும். முகப்பை நேராக வைத்தால் ஒரு முனையில் 24 அங்குல ஆழம், மறு முனையில் 15 அங்குலம். முன்பு கேட்ட இன்டீரியர்காரர் ஒருவர், பின்னால் பலகை அடித்து மொத்தத்தையும் 15 அங்குலமாகச் சமன் செய்துவிடலாம் என்றார். அப்படிச் செய்திருந்தால் ஹேங்கரே மாட்ட முடியாது, அதற்கு அந்த ஆழம் போதாது. ஆசாரி ஆழமான பக்கம் சட்டை மாட்டும் கம்பி, நடுவில் இழுப்பறை, ஒடுங்கிய பக்கம் மடித்த புடவைக்குத் தட்டு என்று பிரித்துவிட்டார். மடித்த புடவைக்கு அந்த ஆழமே போதும். ஒரு அங்குலம்கூட வீணாகவில்லை. ஓரத்தில் மட்டும் அகலமான பட்டி ஒன்றை விட்டு, சுவரில் வைத்துப் பார்த்துப் பார்த்து இழைப்புளியால் இழைத்துச் சுவரின் நெளிவுக்கே பொருத்தினார். சந்தில் வெள்ளை சிமெண்ட் பூச வேண்டிய வேலையே இல்லை. கதவு தள்ளுகதவா, திறக்கும் கதவா என்று கேட்டார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே 2 அடிதான் என்பதால் தள்ளுகதவு வைத்தோம். அதில் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், தண்டவாளமும் ஆழத்தில் 3 அங்குலம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பியை ஆழமான முனையில் வைத்தது.

பொருள் விஷயத்தில் ஏமாற்றவில்லை. அடுக்களையை ஒட்டி வரும் பாகங்களுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளை, மற்றவற்றுக்குப் பொது உபயோக ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 303. ப்ளைவுட் ஷீட்டில் முத்திரையைக் காட்டிவிட்டுத்தான் அறுத்தார். அலமாரியின் பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் கனம், 3 அடிக்கு மேல் நீளும் தட்டுக்கெல்லாம் நடுவில் முட்டு. எங்கள் சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூக்கும். அதற்காக அலமாரிக்குப் பின்னால் ஒரு அங்குலம் காற்றோட்டம் விட்டு, அடியில் 5 அங்குலக் கால் வைத்தார். கீழே துடைப்பம் போகிறது, கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டில் தரையோடு ஒட்டின மரச்சாமான் வைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

இனிக் குறைகள். எழுத்தில் மதிப்பீடு தரமாட்டார், எல்லாம் வாய்க்கணக்கு. நான் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முகூர்த்த மாதத்தில் கட்டில் ஆர்டர்கள் வந்ததும் எங்கள் வேலை அப்படியே நின்றுவிட்டது, ஃபோனையும் எடுக்கவில்லை. வயதான மனுஷியைப் பாய்மேல் படுக்க வைத்துக்கொண்டு காத்திருந்தோம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இழுப்பறை ஓடுகிற சேனல் மட்டமான ரகம். ஒன்று இறுகிக்கொண்டது, கேட்டதும் வந்து மாற்றிக் கொடுத்தார். சேனலையும் கீலையும் நீங்களே நல்ல கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவது மேல். பளபளப்பான லேமினேட் வேலையில் அவருக்கு ஆர்வமில்லை, நிறத்திலும் அதிகம் தேர்வு இல்லை.

இரண்டு திவான், மேஜை, அலமாரி, மெத்தை எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபாய் ஆனது. ஷோரூமில் ரெடிமேடாக வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும். நேரான அறைகள் உள்ள புது ஃபிளாட் என்றால் ரெடிமேடே போதும், இவரிடம் போக வேண்டாம். கோணல் சுவர், நடுவில் தூண், ஒடுங்கிய நிலை என்று இருந்தால் தாராளமாகப் போகலாம். கல்யாண சீசன் இல்லாத ஆடி, மார்கழியில் வேலையைக் கொடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். அளவெடுக்க வரும்போது வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் கூட இருக்கட்டும்.