மாரிக்கு முன்: கையிருப்பைக் கூட்டுவதா, இரண்டாவது மொத்த வியாபாரியைப் பிடிப்பதா?

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ-6 வீதியில் சாமான் எடுக்கும் திருகோணமலைக் கடைக்காரர் இதை ஒக்டோபருக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

பருப்பு, சீனிக்குக் கையிருப்புத்தான் சரி. கணக்கு இப்படி: பருப்பு நாளுக்குச் சராசரி 40 கிலோ, கூடினால் 55 கிலோ விற்கிறது, லொறி வழமையாக 3 நாளில், வெள்ளத்தில் 7 நாளில் வருகிறது என்று வையுங்கள். 55×7=385; அதில் 40×3=120ஐக் கழித்தால் 265 கிலோ மேலதிகக் கையிருப்பு. இருப்பு 385 கிலோவுக்கு இறங்கியதும் அடுத்த ஓடர். ஆனால் போட்ட பணம் முடங்கும், சாமானில் ஈரமும் பிடிக்கும். மூட்டைகளைச் சுவரில் முட்டாமல் மரத்தட்டில் அடுக்குங்கள்.

மரக்கறியை அப்படி வைக்க முடியாது, அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: ஒருவர் தம்புள்ளை, மற்றவர் புறக்கோட்டை என்றாலும் இருவரின் லொறியும் கந்தளாயைத் தாண்டித்தான் வரும். வீதி மறிபட்டால் இரண்டும் நிற்கும். அநுராதபுரத்திலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏ-12இல் அனுப்பக்கூடியவரைத் தேடுங்கள். அவருக்கு வருடம் முழுக்க நாலில் ஒரு பங்கு ஓடராவது கொடுங்கள். தட்டுப்பாட்டில் மட்டும் அழைப்பவருக்கு யாரும் முதலில் ஏற்றமாட்டார்கள்.